உறுதியில்லாக் கூரைகள்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிறு நகரம் கொடகவெல. இரத்தினபுரியின் அடைமழையும் வலவைப் பள்ளத்தாக்கின் கடுவெயிலும் சந்திக்கும் எல்லை நிலம் என அதனைக் கூறலாம். நகரத்துக் கடைகளின் மேலும் வீதியோரத்து மாடி வீடுகளின் மேலும் இன்று சூரியத் தகடுகள் பளபளக்கின்றன. அங்கிருந்து இறக்குவானைப் பக்கமாகத் திரும்பி, தேயிலையும் இறப்பரும் படர்ந்த சரிவுகளில் ஏறுவோர் வேறொரு வகைக் கூரையைக் காண்பர். துருவேறிய தகரம், காற்றுக்குப் பறவாதிருக்க அதன்மேல் ஏற்றிவைத்த கற்கள், பழைய டயர்கள், அதன் கீழே முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும் காம்பராக்கள். இவ்விருவகைக் கூரைகளுக்கும் இடையிலுள்ள தூரம் சில மைல்களே. ஆயின், கட்டடங்களில் வலுவைப் பேணுவதற்கென அரசு இயற்றிய சட்டங்களும் ஒதுக்கிய நிதியும் கடந்த நாற்பது ஆண்டுகளாக அத்தூரத்தைக் கடக்கவில்லை.

நாற்பது ஆண்டுகள் என்பது மிகைக்கூற்றன்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் அதனைத் தொடர்ந்த விலையேற்றங்களும் உலக நாடுகள் யாவற்றையும் வலுச் சிக்கனம் பற்றிச் சிந்திக்க வைத்தபோது இலங்கையும் சிந்தித்தது. 1985ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தினால் வலுப் பேணல் நிதியம் ஒன்று நிறுவப்பெற்றது. 2000ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபை கட்டடங்களுக்கான வலுவினைத்திறன் நடைமுறைக் கோவையொன்றை வெளியிட்டது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பழைய நிதியத்தின் இடத்தில் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையை அமர்த்தியது. அவ்வதிகாரசபை 2008இல் கோவையைத் திருத்தியது. 2020ஆம் ஆண்டுக் கோவை அதனை மேலும் விரித்தது. சட்டத்துக்கும் சபைக்கும் கோவைக்கும் குறைவில்லை.

குறை எங்குளது என்பதை 2008ஆம் ஆண்டுக் கோவையே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அக்கோவை எதனைக் கட்டடம் எனக் கொண்டது? நான்கு மாடியோ அதற்கு மேலோ உடையது. அல்லது 500 சதுர மீற்றருக்குக் குறையாத தளப்பரப்புடையது. அல்லது 100 கிலோவோல்ற் அம்பியருக்குக் குறையாத மின்கேள்வி உடையது. அல்லது 350 கிலோவாற்றுக்குக் குறையாத குளிரூட்டல் ஆற்றல் உடையது. இவற்றுள் ஒன்றேனும் பொருந்தினாற் போதும். இனி, பத்துக்குப் பன்னிரண்டடியான காம்பரா ஒன்றை அளந்து பார்க்கலாம். 120 சதுர அடி. இருபத்துநான்கு காம்பராக்கள் கொண்ட இரட்டை லயன் ஒன்றை முழுவதுமாக அளந்தாலும் 2,880 சதுர அடி. இஸ்தோப்பையும் சேர்த்துக்கொண்டாலும் 500 சதுர மீற்றராகிய ஏறத்தாழ 5,400 சதுர அடியை அது எட்டாது. நூறு பேருக்கு மேல் உறங்கும் ஒரு கட்டடம், வலுப் பேணல் நோக்கிற் கட்டடமே அன்று.

பெருநுகர்வு எங்குளதோ அங்கிருந்தே ஒழுங்குவிதி தொடங்குதல் முறை என்பர். இது நியாயமான கூற்றே. குளிரூட்டப்பட்ட மாடி அலுவலகம் ஒன்றின் சாளரக் கண்ணாடியைச் சீர்செய்வதாற் கிடைக்கும் மிச்சம், ஆயிரம் லயன்களின் விளக்குகளை மாற்றுவதாலும் கிடையாது போகலாம். எனவே கோவையின் வரையறையை முற்றாகக் குறைகூறுதற்கில்லை. ஒழுங்குவிதி வேறு, நிதி வேறு. விதியைப் பெரியவன்மீது சுமத்துவது நீதி. அதே அளவுகோலைக்கொண்டு உதவியையும் பெரியவனுக்கே வழங்குவது எவ்வகை நீதி? இலங்கையில் நிகழ்ந்தது இதுவே.

2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘சூரிய பல சங்கிராமய’ எனும் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். பத்து இலட்சம் கூரைகளிற் சூரியத் தகடு பதித்து, 2020இல் 200 மெகாவாற்றும் 2025இல் 1,000 மெகாவாற்றும் பெறுவதே அதன் இலக்கு. கணக்கிட்டு வாங்கும் முறையில், கூரையில் உற்பத்தியான மிகை மின்னுக்கு முதல் ஏழாண்டு அலகொன்றுக்கு 22 ரூபாவும் அதன் பின்னர் 15 ரூபா 50 சதமும் வழங்க அரசு உடன்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஐந்து கோடி டொலர் கடன்வசதி, உள்ளூர் வங்கிகளின் வழியாகக் கூரை உரிமையாளரைச் சென்றடைந்தது. திட்டம் வெற்றி பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. 2025ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, தேவைக்கு மிஞ்சிய மின் வலைப்பின்னலைக் குலைத்துவிடும் என அஞ்சி, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளரை வேண்டிக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தது.

இவ்வெற்றியின் வாயிலில் நின்ற காவலாளி யார்? காணி உறுதி. கடன் கேட்போரிடம் வங்கி கேட்பது உறுதி. அல்லது நிலையான வருமானத்துக்கான சான்று. கூரையின் மேல் எதனையும் பதிப்பதற்கு வேண்டுவது கூரையின் மீதான உரிமை. தோட்டத் தொழிலாளியின் காம்பரா அவருடையதன்று. அவருடைய பாட்டனார் அதிற் பிறந்திருக்கலாம். அவருடைய பேரப்பிள்ளை அதிலிருந்து பல்கலைக்கழகம் சென்றிருக்கலாம். ஆயினும் அதன் தகரத்தில் ஓர் ஆணி அடிப்பதற்கும் தோட்ட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். தமிழில் உறுதி என்னும் சொல் பத்திரத்தையும் திண்மையையும் ஒருங்கே குறிக்கும். லயத்துக் கூரைக்கு இரண்டும் இல்லை.

மானியத்துக்கும் விலைக்கும் இடையிலுள்ள தொடர்பையும் இங்கு நோக்குதல் வேண்டும். மின் உற்பத்திச் செலவு முழு நாட்டின் பட்டியலிலும் பரவுவது. சிறுநுகர்வாளர் நெடுங்காலம் குறைந்த விலையில் மின் பெற்றனர் என்பது உண்மை. 2014இல் நிர்ணயிக்கப்பட்டு 2022 ஓகஸ்ட் வரை நிலவிய விலைப்படி, மாதம் 30 அலகு நுகரும் குடும்பம் அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா செலுத்தியது. 2022 ஓகஸ்டில் அதே 30 அலகின் விலை 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவுமாக 1,300 ரூபாவை எட்டியது. ஆறு மாதத்துள் பன்னிரண்டு மடங்கு. அப்பொழுது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், 2021ஆம் ஆண்டில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா. ஒரு நாள் முழுவதும் கொழுந்து பறித்தும், இரண்டு மின்குமிழும் ஒரு தொலைக்காட்சியும் கொண்ட காம்பராவின் மாதப் பட்டியலைத் தீர்க்க முடியாத நிலை தோன்றியது. 2023 யூலையில் இக்கட்டணம் குறைக்கப்பட்டதும், பின்னர் மேலும் மாற்றங்கள் வந்ததும் உண்மையே. எனினும், விலை ஏறும்போது தாங்குவதற்கு எவ்வித ஏற்பாடும் அற்ற கட்டடம் எது என்பதை அந்த ஆறு மாதங்கள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிட்டன. மாடி வீட்டுக்காரர் அவ்வேளை சூரியத் தகட்டை நாடினர். லயத்தார் குப்பி விளக்கை நாடினர்.

குறைந்த விலைக் காலத்திலும் லயத்துக்கு அவ்விலை முழுமையாகக் கிட்டியதில்லை என்பது பலரும் கவனியாத செய்தி. ஒரு காம்பராவுக்கென வழங்கப்பட்ட இணைப்பிலிருந்து, பிள்ளைகள் மணமுடித்துப் பெருகிய குடும்பங்களுக்கும் கம்பி இழுத்துக் கொடுப்பது தோட்டங்களிற் காணப்படும் வழக்கம். தனித்தனி மானியெனில், மூன்று குடும்பங்கள் தலைக்கு 30 அலகு நுகர்ந்தால் 2022 ஓகஸ்டுக்கு முந்திய விலையில் மொத்தம் 315 ரூபாவே. அதே 90 அலகு ஒரே மானியில் ஓடியபோது, 60 அலகைக் கடந்தவர்க்குரிய அட்டவணை பொருந்தி, முதல் 60 அலகுக்கு 7 ரூபா 85 சதமும் அடுத்த 30 அலகுக்கு 10 ரூபாவும் நிலையான கட்டணம் 90 ரூபாவுமாக 861 ரூபாவாயிற்று. சிக்கனமாக வாழ்ந்த மூன்று ஏழைக் குடும்பங்களை ஒரு செல்வக் குடும்பமாக மானி எண்ணிக்கொண்டது. இக்கணக்கைத் திருத்துவதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. இரண்டு மானிகள் வேண்டும். அவையும் முகவரியும் உரிமைச் சான்றும் இன்றிக் கிடைப்பது எளிதன்று.

‘இரண்டு மின்குமிழ் எரியும் காம்பராவிற் பேணுவதற்கு என்ன வலு இருக்கிறது?’ என வினவுவோர் உளர். கற்றோரிடையேயும் இவ்வினா எழுவதுண்டு. வலுப் பேணல் என்பது நுகர்வைக் குறைத்தல் எனப் பொருள் கொள்வதால் விளைந்த மயக்கம் இது. குறைந்த வலுவைக்கொண்டு அதே பயனை, அல்லது மேம்பட்ட பயனைப் பெறுதலே வலுப் பேணல் ஆகும். ஒளியும் குளிர்ச்சியும் வெந்த சோறும் பயன். மின்னும் விறகும் மண்ணெண்ணெயும் அவற்றுக்குக் கொடுக்கும் விலை. இவ்வாறு நோக்குமிடத்து, நாட்டிலேயே மிகுந்த விரயம் நிகழும் கட்டடங்களுள் லயனும் ஒன்று என்பது புலனாகும். அவ்விரயம் மின்மானியிற் பதிவாகாமை ஒன்றே வேறுபாடு.

வெயிலை எடுத்துக்கொள்ளலாம். மலையகம் என்றதும் நுவரெலியாவின் பனியும் கம்பளியும் நினைவுக்கு வருவது இயல்பு. சப்ரகமுவத் தோட்டங்களின் நிலை வேறு. கொடகவெலவைச் சூழ்ந்த தாழ்நிலத் தேயிலைக்கும் இறப்பருக்கும் உரிய தட்பவெப்பம், நண்பகலில் வெறுந்தகரத்தின் கீழ் மனிதர் இருக்கக்கூடிய தட்பவெப்பம் அன்று. கூரைத்தட்டு இல்லை, பின்சுவர் அடுத்த வீட்டாருக்கும் பின்சுவர் ஆதலாற் காற்று ஊடுருவ வழியில்லை. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்க வேண்டிய தொழிற்சாலைத் தொழிலாளியும், குழந்தை பெற்றுக் கிடக்கும் தாயும், நோயாளியான முதியவரும் அத்தகரத்தின் கீழேயே கிடக்கின்றனர். உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கூரைக்குக் கீழே கட்டிக்கொள்ளும் வழக்கம் லயங்களில் உண்டு. அது வலுப் பேணல் முயற்சியே. எந்த நிதியமும் அதற்கு ஒரு சதமும் தந்ததில்லை. மின்னொழுக்கு ஏற்படின் முதலில் தீப்பற்றுவதும் அச்சாக்கே. லயன்கள் வரிசையாக எரிந்து போவதும், பழுதான மின்கம்பியே காரணம் எனக் கூறப்படுவதும், எரிந்த குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கவைக்கப்படுவதும் மலையகத்துக்குப் புதிய செய்திகள் அல்ல.

கூரையை வெண்மையாக்கினால் வெப்பம் குறையும் என்பது பழைய அறிவு. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையொன்றை வகுத்து, ஐந்தாண்டுத் திட்டமாக அதனை நடைமுறைப்படுத்த முன்வந்தது. வெள்ளைப் பூச்சும், கூரைத்தட்டாக ஒரு பலகையும், சுவர் உச்சியில் ஒரு காற்றுத்துளையும் பெருந்தொழில்நுட்பங்கள் அல்ல. ஒளியின் கதையும் இதுவே. ஒரு வாயிலும் ஒரு சிறு சாளரமுமே உள்ள காம்பராவிற் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு வேண்டும். கூரைத் தகரங்களுள் ஒன்றை ஒளிபுகும் தகடாக மாற்றினால் அவ்விளக்கு வேண்டியதில்லை. தொழிற்சாலைக் கூரைகளில் அத்தகைய தகடு பதிப்பது எல்லாரும் அறிந்த முறை. தேயிலைத் தூளின் நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும் என அறிந்த நிர்வாகம், பிள்ளை எழுத்துப் பார்க்கவும் அது வேண்டும் என அறியாதது வியப்பே.

அடுப்பைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அரசின் வலுப் பேணல் நிதி ஏழை வீட்டின் உள்ளே நுழைந்த அரிய சந்தர்ப்பம் அது. 1980களின் நடுப்பகுதியில், நெதர்லாந்தின் உதவியோடு மின்சார சபையின் வழியாகத் தேசிய விறகுப் பேணல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்து ஆய்வுகளின் தொடர்ச்சியாக உருவானதே ‘அனகி’ எனும் களிமண் அடுப்பு. ஒரே தீயில் இரண்டு பானை வைக்கலாம். குயவர் வனைந்து சந்தையில் விற்கலாம். திறந்த மூன்றுகல் அடுப்பைவிட விறகு குறைவு. மின்சாரத்துக்கெனவே நிறுவப்பட்ட ஒரு சபை மண்ணடுப்பைப் பற்றிக் கவலை கொண்டது இன்று நினைக்கையில் நம்புதற்கரிதாய் உள்ளது. அடுப்பு கிராமங்களிற் பரவியது. குயவர் குடும்பங்களுக்குத் தொழிலும் ஆயிற்று. அரசின் ஊக்கம் மட்டும் நிலைக்கவில்லை. கட்டடக் கோவைகள் வந்த பின்னர் வலுப் பேணல் என்பது குளிரூட்டி, மின்குமிழ், கண்ணாடி ஆகியவற்றின் பெயராகிவிட்டது. சமையலறை கட்டடத்தின் வெளியே தள்ளப்பட்டது.

விறகு இலவசம் என்பது மற்றொரு மயக்கம். சப்ரகமுவத் தோட்டங்களில் முதிர்ந்த இறப்பர் மரம் வெட்டப்படும்போது, அதன் பெரும்பகுதி தேயிலைத் தொழிற்சாலைகளின் கொழுந்து உலர்த்தும் உலைக்குச் செல்கிறது. எஞ்சிய கிளையையும் மிலாறையும் பொறுக்குவதே தொழிலாளிப் பெண்ணுக்குக் கிடைக்கும் பங்கு. கொழுந்துக் கூடையை இறக்கிய முதுகு விறகுக் கட்டை ஏற்றுகிறது. மழைநாட்டில் விறகு காய்வதில்லை; ஈர விறகின் புகை காம்பராவை நிறைக்கிறது. அப்புகையைச் சுவாசிப்போர் யாவர் என்பதற்குப் புள்ளிவிபரம் தேட வேண்டியதில்லை: அடுப்பருகே இருக்கும் பெண்ணும் அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையும். தொழிற்சாலை உலையின் வினைத்திறனைக் கணக்கிட வலுக் கணக்காய்வாளர் வருவர். கொழுந்து வாட்டும் விசிறிகளின் வேகத்தைக் குறைத்து மின்னை மிச்சப்படுத்தும் வழியையும் கூறுவர். அவரது பணி பயனுள்ளதே. ஆனால் தொழிற்சாலை வாசலோடு அவரது கணக்கு முடிந்துவிடுகிறது. எதிர்ச் சரிவிலுள்ள லயத்தின் அடுப்பை அவர் பார்ப்பதில்லை. பார்க்கும்படி எவரும் பணிக்கவுமில்லை.

சப்ரகமுவ மாகாணம் பசுமைக் கட்டடத்தை அறியாத மாகாணம் அன்று. கேகாலை மாவட்டத்துத் துல்கிரியவில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலையொன்று, பசுமைக் கட்டடத்துக்கான அமெரிக்கச் சான்றிதழின் மிகவுயர்ந்த தரத்தைப் பெற்று உலகின் கவனத்தை ஈர்த்தது. மண்ணை அழுத்திச் செய்த கற்களாலான சுவர், குளிரூட்டிக்குப் பதிலாக நீராவியாதலாற் குளிரும் காற்று, மரநிழல் சூழ்ந்த முற்றம், இயற்கையொளி. தொழிலாளி தைக்குமிடம் குளிர்ந்திருந்தால் தையல் சிறக்கும் என்பதை முதலாளித்துவம் நன்குணர்ந்திருந்தது. அத்தொழிற்சாலையைப் பாராட்டாதிருத்தல் சிறுமை. ஆனால் அதே மாகாணத்தின் மற்றொரு தொழிலாளி வேலைமுடிந்து திரும்பும் இடத்துக்கு அந்த அறிவில் ஒரு துளியேனும் வந்து சேராதது எதனால்? வெளிநாட்டுக் கொள்வனவாளர் தொழிற்சாலையைப் பார்க்க வருவர். லயத்தைப் பார்க்க வருவதில்லை என்பதைத் தவிர வேறு விடை கிடைத்தல் அரிது.

இதுவரை கூறியவற்றை ஏற்றுக்கொண்டும், லயத்தைச் சீர்திருத்துவதை எதிர்ப்போர் மலையகத்தின் முற்போக்காளரிடையே உளர். ‘லயன் இடிக்கப்பட வேண்டியது; வெள்ளையடிக்கப்பட வேண்டியதன்று. அதற்கு நிதி ஒதுக்கினால், அடிமைக் குடியிருப்பின் ஆயுளை நீட்டிப்பதே ஆகும்’ என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தின் பின்னே நீண்ட அரசியல் அனுபவம் உண்டு. கூரைத்தகரம் தேர்தற் பண்டமாகிவிட்ட மண்ணில், தகரத்தைப் பற்றிப் பேசுவோர்மீது ஐயம் எழுவதும் இயல்பே. தனி வீடும் காணியுரிமையுமே இறுதித் தீர்வு என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆயின் காலக்கணக்கு என ஒன்றுண்டு. இந்திய உதவியுடன் மலையகத்துக்கு 4,000 வீடுகள் என வகுக்கப்பட்டது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றின் முதற்கட்டம் 2024ஆம் ஆண்டுவரை தாமதித்தது. லயத்திற் பிறந்த குழந்தை இவ்விடைக்காலத்தில் இரண்டாம் வகுப்பை அடைந்திருக்கும். தனி வீடு வரும்வரை அக்குழந்தை புகையையும் புழுக்கத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் எனக் கூறும் உரிமை எவருக்குண்டு? இடிக்கப்படும் நாள்வரை ஒரு கட்டடத்தில் மனிதர் வாழ்கின்றனர். வெண்பூச்சும் தனிமானியும் பாதுகாப்பான கம்பியும் இருபதாண்டு முதலீடுகள் அல்ல. ஓரிரு ஆண்டிற் பயன் தருவன. மானியும் அடுப்பும் புதிய வீட்டுக்குக் கூடவே போகக்கூடியன.

இன்னொரு விடையும் உண்டு. அது இவ்வாதத்தினரையே நோக்கியது. புதிய வீடுகள் எத்தகையன? 550 சதுர அடி. இரண்டு அறை, கூடம், சமையலறை, கழிப்பறை. லயத்தோடு ஒப்பிட்டால் அவை மாளிகைகள். ஆனால் நுவரெலியாவின் குளிருக்கும் கொடகவெலவின் புழுக்கத்துக்கும் ஒரே வரைபடம் போதுமெனக் கருதினால், வெப்பம் லயத்திலிருந்து வீட்டுக்குக் குடிபெயரும், அவ்வளவே. சாளரம் எத்திசையில், இறப்பு எவ்வளவு நீளம், அடுப்பின் புகை எவ்வழி வெளியேறும் என்னும் வினாக்கள், அடிக்கல் நாட்டும் மேடையில் எழுவதில்லை. கோவையின் வரையறைக்குள் தனிச் சிறுவீடு வராதாகையால், அவ்வினாக்களை எழுப்பும் சட்டக் கடமையும் எவருக்குமில்லை. அரசே பணம் கொடுத்து, அரசே வரைபடம் வழங்கிக் கட்டும் வீட்டுக்குக்கூட வலுப் பேணல் விதி இல்லாதது, தனியார் கட்டும் மாடிக்கு விதி இருப்பதோடு ஒப்பிடுகையில் நகைப்புக்குரியதாகும்.

தமிழகத்தில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டம் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆண்டுக்கு 60,000 வீடுகள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி. வீடொன்றுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் இந்திய ரூபா. அதில் 30,000 ரூபா, சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளுக்கு. ஏழையின் வீட்டுக்கு அரசு பணம் கொடுக்கும்போதே வலுவையும் கூரையோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்பதை அது காட்டியது. அத்திட்டமும் பட்டா உடையவரையே பயனாளியாக ஏற்றது. நிலமற்றவர் அங்கும் வெளியிலே நின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் இதிற் சற்று வேறு. எண்ணெய் நெருக்கடியின் பின், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அங்கு நிறுவப்பட்ட திட்டம், குறைந்த வருமானமுடையோரின் வீடுகளில் வெப்பம் வீணாகாது காப்பதற்கு அரசுப் பணத்தைச் செலவிட்டது. வீட்டுரிமையாளரின் இசைவு பெற்று வாடகைக் குடியினரும் அதிற் சேரலாம். வருமானமே அங்கு அளவுகோல், உறுதிப்பத்திரம் அன்று. தனியுடைமையைத் தெய்வமாகப் போற்றும் நாடு கண்டறிந்த வழியை, பெருந்தோட்டக் காணியின் உடைமையைத் தானே வைத்திருக்கும் அரசு கண்டறியாதது விந்தை.

ஆம், உடைமை அரசினதே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. குத்தகை 2045ஆம் ஆண்டு வரை. லயத்தைப் பற்றிக் கம்பனியிடம் கேட்டால், வீடமைப்பு அரசின் பொறுப்பு என்பர். அரசிடம் கேட்டால், குத்தகைக்காரரின் பொறுப்பு என்பர். பிரதேச சபையிடம் கேட்டால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் பணம் செலவிட முடியாது என்றனர். 2018இல் அத்தடை திருத்தப்படும்வரை முப்பது ஆண்டுகள் இவ்விடை தயாராக இருந்தது. தோட்டத் தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். அச்சபையின் தெருவிளக்கு அவர் லயத்து வாசலில் எரிய முடியாது. திருத்தம் வந்த பின்னர் அந்தச் சாக்கும் போய்விட்டது. இனி வேண்டுவது மனம் மட்டுமே.

வேண்டுவன என்ன என்பதை மறைபொருளாகக் கூறுவதிற் பயனில்லை. நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் சட்டம் ஒரு நிதியத்தையும் நிறுவியுள்ளது. அந்நிதியத்தின் குறிப்பிட்ட பங்கொன்று, உரிமைப் பத்திரத்தையன்றி வசிப்பிடத்தையும் வருமானத்தையும் தகுதியாகக் கொண்டு, சிறு குடியிருப்புகளின் கூரைக்கும் மின்கம்பிக்கும் அடுப்புக்கும் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். குத்தகைக் கம்பனியின் இசைவு மறுக்கப்படலாகாது என ஒரு வாசகம் சேர்ந்தாற் போதும். நிலத்தின் உடைமையாளர் அரசாகையால், அதனைச் சேர்க்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. குடும்பத்துக்கொரு மானி வழங்குதல் மின்வழங்கும் நிறுவனத்தின் கடமையாக வேண்டும். லயத்துக் கூரையும் தோட்டத் தொழிற்சாலைக் கூரையும் பிள்ளைக் காப்பகக் கூரையும் சேர்ந்து தோட்டமொன்றின் பொதுச் சூரிய நிலையமாக அமைய முடியும். அதன் வருமானம் குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர வேண்டும். 2025 ஏப்ரலில் இந்தியாவின் கொடையாக 5,000 வழிபாட்டிடங்களின் கூரைகளில் ஐந்து கிலோவாற்று வீதம் சூரியத் தகடு பதிக்கும் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. கோயிலின் கூரைக்கு வழி கண்டவர்கள், கும்பிட வருவோரின் கூரைக்கும் காண்பது இயலாததன்று.

பணத்துக்கு எங்கே போவது என்பது இறுதி எதிர்வினா. 2022ஆம் ஆண்டில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளில் மூழ்கிய நாட்டில் இவ்வினா எளிதாகத் தள்ளத்தக்கதன்று. ஆனால் மின்சாரத்துக்காக எவர் எதைக் கொடுத்தனர் என்னும் கணக்கும் அதனோடு சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். 1918இல் விமலசுரேந்திர மலைநாட்டு நீரிலிருந்து மின் பெறலாம் எனக் கட்டுரை வாசித்தார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. காசல்ரீயும் மவுசாக்கலையும் நீர்த்தேக்கங்களானபோது தேயிலை மலைகளும் பழைய மஸ்கெலியா நகரும் அவற்றின் அடியிற் சென்றன. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோயில் இன்றும் தலைகாட்டுகிறது. அந்நீரில் எரிந்த விளக்கு கொழும்பை அடைந்து பல்லாண்டு கழிந்த பின்னரே அணையோரத்து லயத்தை அடைந்தது.

கொடகவெலவுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதே இரத்தினபுரி மாவட்டத்தில், வலவை கங்கையை மறித்து 1992இல் இயக்கப்பட்ட 120 மெகாவாற்றுச் சமனலவெவ மின்திட்டம் இருக்கிறது. நீர் நிரப்பிய காலத்திலேயே அதன் வலப்புறக் கரையில் ஒழுக்கு ஏற்பட்டது. அவ்வொழுக்கை அடைக்க வெளிநாட்டு நிபுணர் வந்தனர், ஆய்வுகள் நடந்தன, ஆண்டுக்கணக்கில் மண் கொட்டப்பட்டது, ஒழுக்கு இன்னும் முற்றாக நிற்கவில்லை என்றாலும் முயற்சிக்குக் குறைவிருந்ததில்லை. அணையின் ஒழுக்கைப் பற்றி அறிக்கை எழுதியோர் கடந்து சென்ற வீதியோரத்தில் லயங்களும் ஒழுகின. சப்ரகமுவப் பல்கலைக்கழகம் அவ்வணைக்கு அருகே பெலிகுல்லோயாவில் இயங்குகிறது. ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் கொண்ட மாணவர் குழு ஒன்று, பங்குனி மாதத்து நண்பகலில் இறக்குவானைச் சரிவின் லயனொன்றில், தகரத்தின் கீழும் உரச்சாக்கின் கீழும் வெண்பூச்சின் கீழும் நிலவும் வெப்பத்தை ஒரு கிழமை அளந்து பதிவுசெய்தால், அதிகாரசபையின் மேசைக்கு அனுப்புவதற்கு அதுவே முதலாவது விண்ணப்பமாகும். அவ்விண்ணப்பத்தில், காணி உறுதி இலக்கம் கேட்கும் கூட்டில் லயத்தின் இலக்கத்தையும் காம்பராவின் இலக்கத்தையும் எழுதி அனுப்பலாம்.